அரை மில்லிகூட நகராது

எங்கள் தெருவில் என்னை டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதித்து பவர் எழுதுவேன், அதற்குக் கண்ணாடி செய்து கொடுப்பேன், அவ்வளவுதான். அந்தச் சோதனைக்கு முறையாகப் படித்துத் தேறியிருக்கிறேன். ஆனால் என் படிப்பு எங்கே முடிகிறது, டாக்டர் படிப்பு எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் ஆள் அப்படிக் கூப்பிட்டபோதே "நான் டாக்டர் இல்லீங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது. இருபத்தேழு வருஷமாக நன்றாகவே இருந்தது.

கடையில் முன்பக்கம் நான், பின்னறையில் என் தங்கை. வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. லென்ஸின் நடுப்புள்ளி போடுகிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும். வராவிட்டால் தலைவலி, தலைசுற்றல், சண்டை. நான் மையால் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பேன். அந்தப் பொட்டு பிசகாமல் அவள் தேய்ப்பாள். "நாங்க பொருத்தின லென்ஸ் அரை மில்லிகூட நகராது" என்று வருகிறவர்களிடம் மார் தட்டுவேன். தேய்த்தது அவள், தட்டியது நான்.

அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை தலை காட்டுவார். ஒரே மகள், வயது இருபது. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரும் உயரம். நான் அவளை ஏணி என்றுதான் கூப்பிடுவேன். "மேல் ஷெல்ஃபுல தூசி தட்டணும்னாதான் மாமாவுக்கு என் ஞாபகம் வரும்" என்று திருப்பிக் கொடுப்பாள். வாலிபால் ஆடுகிறாள். வலைக்கு மேலே அவள் கை எழும்பினால் எதிரணிப் பெண்கள் பாதி ஆட்டத்தை விட்டுவிடுவார்கள்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கி, பின்வாசலில் ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி உள்ள ரப்பர் கயிறு. தங்கை மறுபக்கம் குந்தி உட்கார்ந்து, பெட்டி சரியாமல் அடியில் கை கொடுத்துக் குனிந்திருந்தாள்.

"சாதாக் கயிறு போடு அண்ணே. இது எட்டவே மாட்டேங்குது" என்றாள்.

"எனக்குக் கட்டத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்த சூட்டில் கயிற்றை இன்னும் ஒரு சாண் இழுத்தேன். அப்போது முன்பக்கத்திலிருந்து யாரோ "டாக்டர்!" என்று குரல் கொடுத்தார். "இதோ வந்துட்டேன்" என்று திரும்பினேன். கொக்கி என் கையை விட்டுப் போய்விட்டது.

அவள் அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தியபடி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த இரும்பு ரேக்கின் முனையில் நெற்றி இடித்தது. என் வாயில் முதலில் வந்த வார்த்தைகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"ரேக்குல இடிச்சிக்கிட்டியா? பார்த்து எந்திரிக்கக் கூடாதா?"

திட்டினேன். திட்டிக்கொண்டே கயிற்றைச் சுருட்டி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அவள் பதில் பேசவில்லை. விஷயம் தெரிந்தும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் தப்பை இன்னொருவர் கண்டுகொள்ளாமல் போவது எங்கள் வீட்டில் பழக்கம்தான். மறுவாரம் ரேக் முனையில் அவள் பழைய துணியைச் சுற்றிக் கட்டினாள். "இனிமே யாருக்கும் படக்கூடாது" என்றாள். அண்ணன் மானத்தைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் நடிக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய், துணியை வெட்ட நானே கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

இடது கண் இரண்டு வாரம் சிவந்து கிடந்தது. முதல் நாள் கருவிழிக்கு அடியில் கோடு மாதிரி ரத்தம் தேங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா அண்ணே?" என்று கேட்டாள். "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொட்டு மருந்து ஒன்றை எடுத்து ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இடது கண்ணில் பவர் ஏறத் தொடங்கியது. முதலில் மைனஸ் ஒன்றரை. கண்ணாடி செய்து கொடுத்தேன். ஆறு வாரத்தில் அது போதவில்லை; மைனஸ் மூன்று, கூடவே கோணல் பார்வையைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவர். இன்னொரு கண்ணாடி. பிறகு சிலிண்டரின் கோணம் திரும்பிக்கொண்டது, மூன்றாவது. எட்டு மாதத்தில் நான்கு கண்ணாடி. ஒவ்வொரு முறையும் கனமான சோதனை ஃப்ரேமை அவள் மூக்கில் மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி வரியை வாசிக்க வைத்துவிட்டுத்தான் விடுவேன். "பார்த்தியா, கொண்டு வந்துட்டேன்ல" என்று பீற்றிக்கொள்வேன்.

"வலது கண்ணை மூடிக்கிட்டாக்கூட ஒரு பல்பு ரெண்டா தெரியுது அண்ணே" என்றாள் ஒருநாள்.

"ஒத்தைக் கண்ணுல ரெண்டு பல்பா? கரண்ட் பில் உனக்குத்தான் டபுளா வரப்போகுது" என்றேன். அவளும் சிரித்தாள்.

விளக்கைச் சுற்றிக் கலர் வளையம் தெரிகிறது என்றாள். கண்ணாடியின் கோட்டிங் சரியில்லை என்று மாற்றினேன். சாயங்காலமானால் தலை வலிக்கிறது என்றாள். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தால் வலிக்காதா என்றேன். இரண்டாவது கண்ணாடிக்குச் சோதித்தபோது, விளக்கை அடித்துப் பார்க்கையில் அவள் கருவிழி தண்ணீர்த் தொட்டியில் விழுந்த நிழல் மாதிரி நடுங்கியது. விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணு கூசுதா?" என்று கேட்டேன். அவள் இல்லை என்றாள். நான் பவரை எழுதினேன்.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, தேய்க்கும் சத்தம் மட்டும் இல்லை. போய்ப் பார்த்தேன். தங்கை தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கண் ரத்தச் சிவப்பு. அந்தப் பக்கத் தலையை முஷ்டியால் குத்திக்கொண்டாள். "பித்தமா இருக்கும், கொஞ்சம் படு" என்றேன். இருபத்தேழு வருஷம் டாக்டர் பட்டத்தோடு இருந்தவன் சொன்ன வைத்தியம் அது. ஏணிக்குப் போன் போட்டேன்; அன்றைக்குக் கல்லூரி இல்லை, வீட்டிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவின் கண்ணை ஒரு தடவைதான் பார்த்தாள். "பித்தமாவது, மண்ணாவது! கண்ணைப் பாருங்க மாமா" என்று கத்திவிட்டு, அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினாள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

கண் ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. என்னிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் நிமிர்த்திவிடுவேன் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது. அவர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். ஐம்பத்திரண்டு. இருபத்தொன்றைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். நர்ஸைக் கூப்பிட்டு உடனே மருந்து ஏற்றச் சொன்னார். பிறகு தங்கையிடம் குனிந்து கேட்டார்.

"இந்தக் கண்ணுல எப்பவாவது அடி பட்டிருக்காம்மா?"

"ரேக்குல..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"அது நெற்றியில மேடம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எட்டு மாசம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கண்ணுல அடியெல்லாம் எதுவும் படல."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கருவியில் மறுபடியும் கண் வைத்தார். நிதானமாகப் பார்த்தார்.

"லென்ஸ் இடம் விட்டு நகர்ந்திருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மேஜையில் கழற்றி வைத்திருந்த தங்கையின் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "மன்னிக்கணும் மேடம். இது எங்க கடையில பண்ணினது. மையம் பார்த்துப் பொட்டு வச்சது நான். எங்க லென்ஸ் அரை மில்லிகூட நகராது. வேணும்னா ஸ்கேல் குடுங்க, இப்பவே அளந்து காட்டறேன்."

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"நான் கண்ணாடியைச் சொல்லலீங்க. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸைச் சொல்றேன்" என்றார். "இங்க வந்து நீங்களே பாருங்க."

கருவியின் பக்கவாட்டில் இன்னொருவர் பார்ப்பதற்கு ஒரு குழாய் இருந்தது. பார்த்தேன். தங்கையின் கண்மணி பாதி விரிந்து அசையாமல் நின்றது. அதன் நடுவில் நிற்க வேண்டிய லென்ஸ் சரிந்து, அதன் விளிம்பு வளைந்த கோடாகத் தெரிந்தது. ஒரு பாதி லென்ஸ், மறுபாதி வெறும் இடம். ஒரு பல்பு இரண்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? ஆயிரக்கணக்கான லென்ஸ்களைத் தொட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் லென்ஸை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் இருந்த கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் விளக்கினார். லென்ஸை மெல்லிய நார்கள் சுற்றிலும் பிடித்திருக்கும். அதில் ஒரு பக்கத்து நார்கள் அறுந்திருக்கின்றன. லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து முன்னால் வந்துவிட்டது. அதனால்தான் பவர் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போகும் வழியை அது அடைத்துவிட்டது. "இதுவும் ஒரு வகை கிளாக்கோமாதான். லென்ஸ் நகர்ந்ததால வந்தது. முதல்ல அழுத்தத்தை இறக்கறோம். அப்புறம் மூணு நாள்ல அந்த லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கறோம். ஆனா நரம்பு ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கு. போன பார்வை திரும்ப வராது. மாசக்கணக்கா அழுத்தம் ஏறி இறங்கிக்கிட்டு இருந்திருக்கணும். யாருமே கவனிக்கலையா?"

தங்கையின் கண்ணாடி இருந்த சட்டைப் பையை நான் கையால் மூடிக்கொண்டேன்.

"அடியும் படலைங்கறீங்க" என்று டாக்டர் தொடர்ந்தார். "அப்படின்னா இது பிறவியில வர்ற குறையா இருக்கலாம். குடும்பத்துல யாராவது ரொம்ப உயரமா, கை கால் விரலெல்லாம் நீளமா..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் ஏணியைப் பார்த்தார். கண் மேலே மேலே போயிற்று. "நீ மகளாம்மா?"

"ஆமாம் மேடம்."

"விளையாடறியா?"

"வாலிபால். நாளன்னைக்கு செலக்‌ஷன். எடுத்துக்கிட்டா வேலையும் உண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் குறை இருக்கிறவர்களுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும் பலவீனமாக இருக்கலாம். குதித்து ஆடும்போது ஆபத்து. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது இங்கே கிடையாது. எழுதித் தந்தால் வேறு ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் தேதி கிடைக்கும். "அதுவரைக்கும் ஆடாதே. உங்க அம்மாவுக்கு அடி பட்டிருந்தா நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்."

ஏணி தலையாட்டினாள். எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள், வெறுமனே தலையாட்டினாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்பிக்க இன்னொரு வழி தேடினேன். டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் நர்ஸிடம் ஒதுங்கி, "அந்த ரேக் இடிச்சது கொஞ்சம் கண்ணுலயும் பட்டிருக்கும்போல சிஸ்டர், எழுதிக்குங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். டாக்டர் திரும்பி வந்து அதைப் படித்தார்.

"ரேக் முனையில இடிச்சா எலும்பு வாங்கிக்கும். லென்ஸை நகர்த்தணும்னா சின்னதா ஒரு பொருள் வேகமா வந்து பட்டிருக்கணும். கல்லு, பந்து..." என்று நிறுத்தினார். "இல்ல, ஒரு கை." பிறகு என்னிடம், "கொஞ்ச நேரம் வெளிய இருங்க சார். உங்க தங்கைகிட்ட தனியா பேசணும்" என்றார்.

என்ன நினைத்து வெளியே அனுப்புகிறார் என்று புரிந்தது. என்னைத் தங்கையை அடிக்கிறவன் என்று நினைக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அடித்தது நான்தான். வேண்டுமென்று அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு மாதம் மறைத்ததை வேண்டுமென்றேதான் செய்தேன்.

வராந்தாக் கோடியில் ஏணி ஜன்னலைப் பார்த்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா சார்... இல்ல சார், காயமெல்லாம் இல்ல... ஹார்ட்டுல ஏதோ இருக்கலாமாம்... என் பேரை எடுத்துடுங்க சார்" என்றாள். ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தாள், உள்ளே ஏதாவது பிசகாக ஓடுகிறதா என்று கேட்கிறவள் மாதிரி.

"ஏணி, போனை வை" என்றேன்.

"மாமா, கோச்சுகிட்ட பேசிக்கிட்டு..."

"பேரை எடுக்க வேண்டாம்னு சொல்லு. சொல்லிட்டு உள்ள வா."

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வலி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், நல்ல கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பின்னால் ஏணி வந்து நின்றாள். நான் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னேன். தங்கையைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. ரப்பர் கயிறு, கொக்கி, என் கை நழுவியது, சுருட்டி ஒளித்தது, எல்லாம் சொன்னேன். "இவளுக்கும் தெரியும் மேடம். எனக்காகத்தான் சொல்லாம இருந்தா" என்று முடித்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ரேக்கு இல்லையா அண்ணே?"

திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டால் சின்ன வயதில் முழிப்பாளே, அந்த முழி.

"நீதானே ரேக்குன்னு சொன்னே" என்றாள். "குனிஞ்சிருந்தேன், எல்லாம் ஒரே நொடியில ஆச்சு, எது பட்டுச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? என் கவனக்குறைவுன்னு நினைச்சு எத்தனை நாள் என்னையே திட்டிக்கிட்டிருக்கேன் தெரியுமா? இதைக்கூடப் பார்த்து எந்திரிக்கத் தெரியலையேன்னு."

அவள் எனக்காக நடிக்கவில்லை. என்னை நம்பியிருக்கிறாள். அதற்கு நான் நெகிழ்ந்துபோய்க் கத்தரிக்கோல் வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ரப்பர் கயிற்றால் என்னையே யாராவது அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"எதை எழுதட்டும் சார்?" என்று கேட்டார் டாக்டர். "முதல்ல அடியே படலைன்னீங்க. அப்புறம் ரேக்குன்னீங்க. இப்ப கயிறுங்கறீங்க."

"இதுதான் நிஜம் மேடம்."

"மாமா" என்றாள் ஏணி. "நான் ஆடணும்னு இதைச் சொல்றீங்களா? நிஜமாவே கயிறா?"

"சத்தியமா" என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாள். "இவர் சொல்றதை நம்பி நான் ஆடலாமா மேடம்?"

என் கையில் வளர்ந்த பெண். அவளுக்கு முதல் வாலிபால் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான். அவள் கேட்டதில் தப்பில்லை.

டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தங்கையின் இடது கண்ணை மறுபடியும் பார்த்தார். கருவிழியின் அடி ஓரத்தில் பழைய கிழிசல் ஒன்று இருப்பதாகவும், நார் அறுந்த பக்கமும் அதுதான் என்றும் பயிற்சி டாக்டர்களிடம் சொன்னார். வலது கண்ணைப் பார்த்தார், லென்ஸ் அசையாமல் இருந்தது. அப்புறம் ஏணியை உட்கார வைத்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். அவள் கையை நீட்டச் சொல்லி, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"போய் ஆடும்மா" என்றார் கடைசியில். "இது அடியால வந்ததுதான். அவர் சொன்னதுக்காகச் சொல்லல, கண்ணே சொல்லுது."

ஏணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை என்றார் டாக்டர். முடிந்த பிறகு ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றார். எல்லாரும் வெளியே போனதும் தங்கையும் நானும் மட்டும் இருந்தோம். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளு."

"நாலு தடவை டெஸ்ட் பண்ணியே. அப்ப உனக்குத் தோணவே இல்லையா?"

தோணவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதையும் நம்பியிருப்பாள்.

"ரெண்டாவது தடவையே தோணிச்சு" என்றேன்.

அவள் மேற்கூரையைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைக்கு வராம இருக்க மாட்டேன் அண்ணே" என்றாள் கடைசியில். "தேய்க்கிற வேலை எனக்குப் பிடிக்கும். ஒத்தைக் கண்ணுலயும் தேய்ச்சிடுவேன். ஆனா ஒண்ணு, தப்பா நினைச்சுக்காதே. எனக்குக் கண்ணாடி மட்டும் வேற இடத்துல போட்டுக்கறேன்."

"சரி" என்றேன்.

"எங்க நல்லா பார்ப்பாங்க? உனக்குத்தான் தெரியும், நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒரு நல்ல கடையின் பெயரைச் சொன்னேன். அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.